விசார்ட்ஸ் இந்த வருடமும் தோற்கும், தோற்பதுதான் நல்லது

2025-26 சீசன் தொடங்கும் முன் இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் இரண்டு வருடத்தில் 164 ஆட்டம் ஆடி 33-ல் மட்டுமே ஜெயித்த வாஷிங்டன் விசார்ட்ஸ், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் மாதிரி ஒரே வருடத்தில் எழுந்து நிற்குமா, இந்த சீசனில் குறைந்தது ப்ளே-இன் (கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றின் கடைசி இடங்களுக்கான ஆட்டங்கள்) வரைக்குமாவது வருமா என்பது கேள்வி. வராது. என் கணக்கில் 19-லிருந்து 22 வெற்றி, அவ்வளவுதான். ஆனால் இதோடு நிறுத்தினால் அது அரைப் பதில், ஏனென்றால் இந்த அணி இந்த வருடம் 30 ஆட்டம் ஜெயித்துத் தொலைத்தால்தான் எனக்குக் கவலை. அதற்குக் காரணம் ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு டிரேடில், அதாவது ஆட்டக்காரர் கைமாற்றத்தில், இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இப்போதைய நிலைமை. 2023-24-ல் 15-67, அதாவது 15 வெற்றி, 67 தோல்வி, இந்த அணியின் வரலாற்றிலேயே மோசமான சீசன். 2024-25-ல் 18-64. மூன்று வெற்றி கூடியிருக்கிறதே என்று யாரும் சந்தோஷப்படவில்லை, ஒரே சீசனில் இரண்டு தடவை தொடர்ந்து 16 ஆட்டம் தோற்றார்கள், சராசரியாக ஆட்டத்துக்கு 12 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் அடி வாங்கினார்கள், 30 அணிகளில் இதைவிட மோசம் கிடையாது. முதல் 16 ஆட்டத் தோல்வி எப்படி முடிந்தது என்று பார்த்தால் சிரிப்புதான் வரும்: 2024 டிசம்பர் 7, டென்வர் நகெட்ஸ் வாஷிங்டனுக்கு வந்திருந்தது, நிகோலா யோகிச் அதுவரை தான் எடுத்ததிலேயே அதிகமாக 56 புள்ளி எடுத்தார், அன்றைக்குப் பார்த்து விசார்ட்ஸ் 122-113 என்று ஜெயித்தது.

ப்ளே-இன் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கிழக்குப் பிரிவில் கடந்த சீசனில் 10-வது இடம், அதாவது ப்ளே-இன்னின் கடைசி இருக்கை, மயாமி ஹீட்டுக்குப் போனது, 37 வெற்றியோடு. விசார்ட்ஸ் தன் 18-ஐ அப்படியே இரட்டிப்பாக்கினாலும் 36-தான். ஜேசன் டேட்டமும் டைரீஸ் ஹாலிபர்ட்டனும் அகிலிஸ் தசைநார் அறுந்து உட்கார்ந்திருப்பதால் பாஸ்டனும் இண்டியானாவும் இறங்கும், கிழக்கு கொஞ்சம் இளைக்கும், சரி. அந்தக் காலி இடத்துக்கு முண்டியடிக்க விசார்ட்ஸுக்கு முன்னால் பெரிய வரிசையே நிற்கிறது.

இப்போது மயாமி கதை. 2025 ஏப்ரல் 13, சீசனின் கடைசி ஆட்டம், அதே ஹீட் அணிக்கு எதிராக. எதற்கும் பிரயோஜனம் இல்லாத ஆட்டம். கடைசி நொடியில் பப் கேரிங்டன் எறிந்த பந்து உள்ளே போனது, 119-118, விசார்ட்ஸ் வெற்றி. 19 வயசுப் பையன், முதல் சீசன், 82 ஆட்டத்தில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடியவன், ஓடிப்போய்க் கொண்டாடுகிறான், பார்க்கும் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒரு கூடையால் விசார்ட்ஸ் 18-64 ஆனது, யூட்டா ஜாஸ் 17-65-ல் தனியாகக் கடைசி இடத்தில் நின்றது. தோற்றிருந்தால் இரண்டு அணியும் சமம், யார் கடைசி என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்திருப்பார்கள். மே மாதம் டிராஃப்ட் லாட்டரியில், அதாவது புது ஆட்டக்காரர்களை எந்த அணி எந்த வரிசையில் எடுக்கும் என்று தீர்மானிக்கிற குலுக்கலில், யூட்டா ஐந்தாவது இடத்துக்கு விழுந்தது, விசார்ட்ஸ் ஆறாவது இடத்துக்கு. இரண்டுமே அந்தந்த இடத்திலிருந்து விழக்கூடிய அதிகபட்ச ஆழம். வெறும் 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸ் மேவரிக்ஸ் முதல் இடத்தைத் தட்டிக்கொண்டு போய், எல்லோரும் கண்வைத்திருந்த கூப்பர் ஃப்ளாக்கை எடுத்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள், இவர்கள் சாண் ஏறியதற்கே சறுக்கினார்கள்.

லாட்டரி எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போனால் மற்றது புரியாது. 14 பந்துகளைச் சுழலவிட்டு நான்கை எடுப்பார்கள், மொத்தம் 1001 சேர்க்கை வரும், அதில் ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி 1000-ஐ பிளேஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140, நான்காவதுக்கு 125, அப்படியே குறைந்துகொண்டே வரும். குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு மட்டும்தான், ஐந்தாவதிலிருந்து தோல்விக் கணக்குப்படி வரிசை. ஆகவே கடைசி இடத்தில் முடித்த அணி எவ்வளவு துரதிர்ஷ்டம் பிடித்ததாக இருந்தாலும் ஐந்தாவதுக்குக் கீழே போகாது, அதற்கு அடுத்தது ஆறு, அதற்கு அடுத்தது ஏழு, நான்காவது மோசமான அணி எட்டு. இந்த "எட்டு" என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் விசார்ட்ஸின் 2026 முதல் சுற்று பிக் (டிராஃப்டில் ஒரு ஆளை எடுக்கும் வாய்ப்பு) ஒரு பழைய கடனுக்கு அடமானத்தில் இருக்கிறது. 2020 டிசம்பரில் ஜான் வாலையும் ஒரு வருங்கால முதல் சுற்று பிக்கையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்து ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கினார்கள். வெஸ்ட்புரூக் ஒரே சீசன் ஆடினார், பிளேஆஃபின் முதல் சுற்றோடு வெளியேறினார்கள், அடுத்த கோடையில் அவர் லேக்கர்ஸுக்குப் போய்விட்டார். ஆள் போயாச்சு, கடன் மட்டும் நின்றது. அந்த பிக் ஹூஸ்டனிடமிருந்து ஓக்லஹோமா சிட்டிக்குப் போய், அங்கிருந்து நியூயார்க் நிக்ஸ் கைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு பாதுகாப்பு நிபந்தனை உண்டு, வருடா வருடம் வேலி இறங்கிக்கொண்டே வந்தது: 2023-ல் முதல் 14 இடத்துக்குள் வந்தால் விசார்ட்ஸுக்கே, 2024-ல் 12, 2025-ல் 10, 2026-ல் 8. அடுத்த டிராஃப்டிலும் எட்டுக்குள் வந்துவிட்டால் கடன் கிட்டத்தட்டத் தள்ளுபடி, நிக்ஸுக்கு 2026, 2027 இரண்டாம் சுற்று பிக்குகள் போகும், கதை முடிந்தது. ஒன்பதாவதாக வந்தால் நிக்ஸ் எடுத்துக்கொண்டு போய்விடும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நான்காவது மோசமான அணி எட்டுக்குக் கீழே போகாது. ஆகவே கடைசி நான்கு இடத்துக்குள் முடித்தால் பிக் நூறு சதவீதம் பத்திரம். ஐந்தாவதிலிருந்து லாட்டரிச் சாமியை நம்பவேண்டும், மேலே போகப்போக ஆபத்து கூடும். கடந்த சீசனில் நான்காவது மோசமான நியூ ஆர்லியன்ஸ் 21 வெற்றி, ஐந்தாவது ஃபிலடெல்ஃபியா 24. அப்படியானால் கோடு எங்கே விழுகிறது என்று தெரிகிறதல்லவா? அதனால்தான் என் கணிப்பு 19-22 என்று நின்றது, அணியின் திறமையை அளந்ததோடு அணி நிர்வாகத்தின் தேவையையும் அளந்துதான் சொன்னேன்.

அதுவும் 2026 டிராஃப்ட் சாதாரணமானது இல்லை. கல்லூரி அணிகளில் பிஒய்யு-வுக்கு ஆடப்போகும் ஏ.ஜே. டிபான்ட்ஸா, கான்சாஸின் டேரின் பீட்டர்சன், டியூக்கின் கேமரன் பூசர் என்று முதல் இடத்துக்கு மூன்று பேரைச் சொல்கிறார்கள், மூன்று பேரில் யார் கிடைத்தாலும் ஒரு அணியின் அடுத்த பத்து வருடம் மாறும். விசார்ட்ஸிடம் இல்லாதது அதுதான்: நல்ல பையன்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், ஆட்டத்தைக் கையில் எடுத்து நடத்துகிற ஒரு ஆள் இல்லை.

இந்த ஓட்டப்பந்தயத்தில் போட்டியும் உண்டு. யூட்டாவின் 2026 பிக்கும் இதே மாதிரி, எட்டுக்குள் வந்தால் அவர்களுக்கு, இல்லையென்றால் ஓக்லஹோமாவுக்கு, ஆகவே அவர்களும் ஜெயிக்க அவசரப்படமாட்டார்கள். புரூக்ளின் நெட்ஸ் 2025 டிராஃப்டில் முதல் சுற்றிலேயே ஐந்து பேரை எடுத்து வைத்திருக்கிறது, அதுவும் தோற்கும். நியூ ஆர்லியன்ஸ் தன் 2026 பிக்கை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் அட்லாண்டாவிடம் கொடுத்துவிட்டதால் தோற்பதில் அவர்களுக்கு லாபம் இல்லை, ஆனால் லாபம் இல்லாமலும் தோற்கலாம். ஆக, விசார்ட்ஸ், யூட்டா, புரூக்ளின், கூடவே சார்லட்டோ நியூ ஆர்லியன்ஸோ, இதுதான் கடைசி நான்கு என்பது என் எண்ணம்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டால், ஆட்டக்காரன் யாரும் தோற்கவேண்டும் என்று களத்தில் இறங்குவதில்லை, கேரிங்டனின் மயாமி எறிதலே அதற்குச் சாட்சி. கோச்சும் தோற்கச் சொல்வதில்லை. எல்லாம் மேலே நடக்கிறது. 34 வயசுக்காரருக்கு முழங்கால் வலி என்றால் நல்ல அணியில் ஒரு நாள் ஓய்வு, இந்த மாதிரி அணியில் ஒரு வாரம். நான்காவது கால்பகுதியில் ஆறு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது களத்தில் ஐந்து பேருமே 21 வயசு. பிப்ரவரி டிரேடு கெடுவுக்குள் நன்றாக ஆடும் பெரியவர்களை வேறு அணிக்கு அனுப்பிவிடுவது. ஜனவரி வரைக்கும் சுமாராக இருக்கும் அணி மார்ச்சில் சரிந்து விழுவதைப் பார்த்தால் ஆச்சரியப்படவேண்டாம். எனக்கு இது பிடிக்கிறதா என்றால் இல்லை, காசு கொடுத்து உள்ளே போய் உட்காருகிறவனுக்கு இது அநியாயம். ஆனால் விதியை இப்படி எழுதிவைத்துவிட்டு அணிகளைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை.

சரி, பையன்கள். சீசனைப் பார்க்க ஒரே காரணம் இவர்கள்தான்.

அலெக்ஸ் சார் (மரியாதைக்குச் சொல்லவில்லை, குடும்பப் பெயரே அதுதான்) பிரான்ஸ்காரர், ஏழு அடி, 20 வயசு, 2024 டிராஃப்டில் இரண்டாவதாக வந்தவர். வந்த கையோடு கோடை லீக் ஆட்டம் ஒன்றில் 15 தடவை எறிந்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை, 15-க்கு 0. அதோடு ஆள் அவுட் என்று எழுதினவர்கள் எல்லாம் சீசன் முடிவில் அவர் ஆல்-ரூக்கி முதல் அணியில் (முதல் சீசன் ஆடியவர்களில் சிறந்த ஐந்து பேர்) வந்ததும் சத்தம் போடாமல் இருந்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு 13 புள்ளி, 6.5 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), 1.5 பிளாக் (எதிராளியின் எறிதலைத் தட்டிவிடுவது). ஆனால் அந்தக் கணக்கில் ஒரு எண் உறுத்துகிறது: எறிந்ததில் 39.4 சதவீதம்தான் உள்ளே போனது. சென்டர்கள், அதாவது கூடையடியில் ஆடும் உயரமான ஆட்கள், 55, 60 சதவீதம் போடுவது சாதாரணம். ஏழு அடி ஆள் நாற்பதைத் தொடவில்லை என்றால் எங்கேயோ கோளாறு.

அந்தக் கோளாறு எங்கே என்று பார்க்க அவருடைய ஒரே ஒரு அசைவைக் கவனித்தால் போதும். கேரிங்டன் பந்தோடு மேலே நிற்கிறார், சார் வந்து ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது கேரிங்டனைத் தடுப்பவனை உடம்பால் மறிக்கிறார். வைக்கிறார் என்று சொல்வதுகூடத் தாராளம், தடுப்பவன் மேல் உடம்பு படுவதற்கு முன்பே நழுவிவிடுகிறார். அப்புறம் இரண்டு வழி: கூடையை நோக்கி ஓடலாம், இல்லை பின்னால் விலகி மூன்று புள்ளிக் கோட்டுக்குப் போகலாம். சார் பின்னால்தான் போவார். பந்து வரும், அழகாக எறிவார், 30.8 சதவீதம், மூன்றில் ஒன்றுகூட விழவில்லை. கூடைப் பக்கம் ஓடினாலும் கடைசி அடியில் எதிராளியின் நெஞ்சில் இடிக்காமல் பக்கவாட்டில் மிதந்து ஒற்றைக் கையால் தூக்கிப்போடப் பார்ப்பார், அதனால் ஃபவுலும் கிடைக்காது, ஃப்ரீ த்ரோவும் கிடைக்காது. இது பயம் என்று நான் நினைக்கவில்லை, உடம்பு இன்னும் முற்றவில்லை, 20 வயசில் 110 கிலோ ஆட்களோடு இரவு இரவாக மோதுவது சும்மா இல்லை. தடுப்பில் அவர் இப்போதே நிஜமான ஆள், வெளியே வந்து கார்டுகளை (பந்தைக் கொண்டுவருகிற சின்ன ஆட்களை) துரத்திவிட்டுத் திரும்பிப் போய் கூடையடியில் பந்தைத் தட்டிவிடுகிற சென்டர் லீகில் அதிகம் பேர் இல்லை. இந்த வருடம் அவருடைய எறிதல் சதவீதம் 45-ஐத் தாண்டினால், விசார்ட்ஸ் 15 ஆட்டம் ஜெயித்தாலும் அது நல்ல சீசன். 41-ல் நின்றால் 30 ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை. இந்த ஒரு எண்ணைத்தான் நான் சீசன் முழுக்கப் பார்க்கப்போகிறேன்.

பிலால் கூலிபாலி இன்னொரு பிரான்ஸ்காரர், 21 வயசு, மூன்றாவது சீசன். எதிரணியின் சிறந்த ஆளை நிழல் மாதிரி ஒட்டிக்கொள்வார், தடுப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெளியிலிருந்து எறிவது கடந்த சீசனில் 30 சதவீதத்தைக்கூட எட்டவில்லை, ஆகவே எதிரணி அவரை விட்டுவிட்டு உள்ளே கூட்டம் போடுகிறது, அது சாருக்கும் இடைஞ்சல். மார்ச்சில் தொடைத்தசைக் காயத்தோடு சீசன் முடிந்தது, இந்தக் கோடையில் நாட்டுக்கு ஆடப்போய்க் கட்டைவிரலில் அறுவை சிகிச்சை. அடுத்த கோடையில் இவருக்கு ஒப்பந்த நீட்டிப்பு பேசவேண்டும், எவ்வளவு கொடுப்பது என்று நிர்வாகத்துக்கே இன்னும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கேரிங்டனைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. பந்தைத் தொலைக்காத நிதானம் இருக்கிறது, 82 ஆட்டமும் ஆடிய உடம்பு இருக்கிறது, பக்கத்து பால்டிமோர் பையன் என்பதால் அரங்கத்தில் செல்லம் வேறு. ஆனால் கூடை வரைக்கும் போகமாட்டார், ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் நின்று எறிவார், அந்த இடத்திலிருந்து எறிந்தே பிழைக்கிறவர்கள் லீகில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இவருக்காக, அதாவது இவரை எடுத்த 14-வது பிக்குக்காகவும் இன்னும் சிலதுக்காகவும், டெனி அவ்டியாவை 2024-ல் போர்ட்லாண்டுக்குக் கொடுத்தார்கள், அவ்டியா அங்கே போய் ஆட்டத்துக்கு 16.9 புள்ளி எடுத்துக்கொண்டிருக்கிறார். கணக்கில் 2029 முதல் சுற்று பிக் ஒன்றும் உண்டு என்பதால் இப்போதே நஷ்டம் என்று எழுதிவிட முடியாது, இருந்தாலும் வயிறு எரியத்தான் செய்கிறது.

கைஷான் ஜார்ஜ், 2024-ன் 24-வது பிக், சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், என்னைக் கேட்டால் இந்தக் கூட்டத்தில் ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர் இவர்தான். உயரம் இருக்கிறது, பாஸ் கொடுக்கத் தெரியும், பந்து கையில் வந்த அரை நொடியில் முடிவெடுப்பார். கொஞ்சம் ஃபவுல் குறைந்து, எறிதல் சதவீதம் ஏறினால் சீசன் முடிவில் எல்லோரும் இவரைப் பற்றித்தான் பேசுவார்கள். இது என் பந்தயம், தோற்றால் ஒப்புக்கொள்கிறேன்.

புதிதாக வந்திருப்பவர்களில் ட்ரே ஜான்சன் முக்கியம், அந்த ஆறாவது பிக். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம் ஆடி ஆட்டத்துக்கு 19.9 புள்ளி, எஸ்இசி என்கிற கடுமையான பிரிவிலேயே அதிகம், மூன்று புள்ளி எறிதல் கிட்டத்தட்ட 40 சதவீதம். எறியத் தெரிந்தவர்களே இல்லாத அணிக்கு இது மழை. முதல் வருடம் தடுப்பில் அவரைத் தேடிப்பிடித்து அடிப்பார்கள், பரவாயில்லை. 21-வது பிக் வில் ரைலி இன்னும் ஒல்லிப்பிச்சான், அவரைப் பற்றி 2027-ல் பேசலாம். ஹூஸ்டனிலிருந்து இரண்டு இரண்டாம் சுற்று பிக்குக்கு வாங்கிய கேம் விட்மோர் புள்ளி எடுப்பார், பாஸ் மட்டும் கொடுக்கமாட்டார்.

பெரியவர்கள் என்று பார்த்தால் சி.ஜே. மெக்கால்லம், கிறிஸ் மிடில்டன், இரண்டு பேருக்கும் 34. ஜோர்டன் பூலையும் சாடிக் பேயையும் நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பி மெக்கால்லமை வாங்கினார்கள். களத்தில் இது பெரிய மாற்றமே இல்லை, பூல் 20.5 புள்ளி, மெக்கால்லம் 21.1. மாற்றம் காகிதத்தில்: பூலின் ஒப்பந்தம் 2027 வரை, மெக்கால்லமுடையது 2026-ல் முடிகிறது. அவருக்கு 30 மில்லியன் டாலர் சொச்சம், மிடில்டனுக்கு 33 மில்லியன் சொச்சம், இரண்டும் அடுத்த கோடையில் ஒரே நாளில் கணக்கிலிருந்து கழியும். இந்த சீசனின் சம்பள வரம்பு 154.6 மில்லியன் என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு இடம் காலியாகும் என்று தெரியும். அதே டிரேடில் கெல்லி ஒலினிக்கும் வந்தார், 2017 பிளேஆஃபின் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனுக்காக 26 புள்ளி எடுத்து நம் வாயில் மண்ணைப் போட்ட அதே ஒலினிக். இரண்டொரு நாளில் சான் அன்டோனியோவுக்கு அனுப்பிவிட்டார்கள், நிம்மதி.

இனி டெட்ராய்ட் ஒப்பீடு. 2023-24-ல் 14-68, ஒரே மூச்சில் 28 ஆட்டம் தோற்றார்கள், அடுத்த வருடம் 44-38, வெற்றி மூன்று மடங்குக்கும் மேல். அதைப் பார்த்து எல்லா அணி ரசிகர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் டெட்ராய்ட்டில் கேட் கன்னிங்ஹாம் ஏற்கெனவே இருந்தார், 2021-ன் முதல் பிக், நான்காவது சீசன், 26 புள்ளி எடுக்கிற ஆள். அவரைச் சுற்றி எறியத் தெரிந்தவர்களே இல்லாமல் இருந்தது, மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர், டோபியாஸ் ஹாரிஸ் என்று மூன்று பெரியவர்களைக் கொண்டுவந்து, கோச்சையும் மாற்றினார்கள், வண்டி ஓடியது. இன்ஜின் இருந்தது, சக்கரம் மாட்டினார்கள். விசார்ட்ஸிடம் சக்கரம் நான்கைந்து கிடக்கிறது.

நிஜமான ஒப்பீடு ஹூஸ்டன். 17, 20, 22 வெற்றி என்று மூன்று சீசன் தோற்றார்கள், ஜேலன் கிரீன், ஷெங்கூன், ஜபாரி ஸ்மித் என்று வருடா வருடம் பையன்களைச் சேர்த்தார்கள், 2023 கோடையில் சம்பள இடம் காலியானதும் ஃப்ரெட் வான்வ்லீட்டையும் டில்லன் புரூக்ஸையும் வாங்கி, இமே உடோகாவைக் கோச்சாக வைத்தார்கள். 41-41, அடுத்த வருடம் 52-30. வான்வ்லீட் வந்ததால் மட்டும் இல்லை, பையன்களுக்குத் தடுப்பு என்றால் என்ன என்று யாரோ பிடரியைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததால். விசார்ட்ஸின் நாட்காட்டியை இதன் மேல் வைத்துப் பாருங்கள்: பிராட்லி பீலை விற்றது 2023 ஜூன், தோல்வி சீசன்கள் 15 வெற்றி, 18 வெற்றி, இது மூன்றாவது, சம்பளம் காலியாவது 2026 கோடை. தலைவர் மைக்கேல் விங்கர், ஜெனரல் மேனேஜர் வில் டாக்கின்ஸ், கோச் பிரையன் கீஃப் மூன்று பேருமே ஓக்லஹோமாவில் வேலை பார்த்தவர்கள், 22, 24, 40, 57, 68 வெற்றி என்று வருடா வருடம் ஏறி 2025-ல் கோப்பையைத் தூக்கிய அணி அது, ஆகவே அவசரப்படமாட்டார்கள். அங்கே ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் என்ற ஒருவர் இருந்தார் என்பதை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கீஃப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜனவரியில் வெஸ் அன்செல்ட் ஜூனியருக்குப் பதிலாக நடு சீசனில் வந்தவர், பையன்களை வளர்ப்பதில் பேர் வாங்கியவர். எனக்கு அவர் மேல் ஒரே குறை, எதிரணி பந்தோடு வேகமாகப் பாயும்போது (ஃபாஸ்ட் பிரேக்) தடுக்கத் திரும்பி ஓடுவது. கூடை தவறியதும் இந்த அணியில் இரண்டு பேர் கையை விரித்துக்கொண்டு நடுவரைப் பார்ப்பார்கள், அதற்குள் எதிரணி லே-அப் போட்டிருக்கும். இதற்குத் திறமை வேண்டாம், வயசு வேண்டாம். தோற்கும் சீசனிலும் இதைத் திருத்தலாம், திருத்தவில்லை என்றால் 2026-ல் அவர் இடத்தில் வேறு யாராவது இருப்பார்கள்.

1979-க்குப் பிறகு இந்த அணி ஒரு சீசனில் 50 ஆட்டம் ஜெயித்ததில்லை, கான்ஃபரன்ஸ் (கிழக்குப் பிரிவு) இறுதிக்கும் போனதில்லை. அப்போது பேரே வேறு, புல்லட்ஸ். நடுவில் வால், பீல் காலத்தில் 49 வரைக்கும் வந்து நின்றார்கள். பல சீசன் 35-க்கும் 45-க்கும் நடுவில் மிதந்து, டிராஃப்டில் ஒன்பதாவது, பத்தாவது, பதினைந்தாவது ஆளை எடுத்து, பழைய குருடி கதவைத் திறடி என்று திரும்பத் திரும்ப அதே இடம். அதனால்தான் இந்த வருடம் 30 வெற்றி என்றால் எனக்குக் கவலை என்றேன். அது பிளேஆஃபுக்கும் போதாது, பிக்கும் நிக்ஸுக்குப் போய்விடலாம்.

முதல் ஆட்டம் அக்டோபர் 22, மில்வாக்கியில். மிடில்டன் 12 சீசன் ஆடி 2021-ல் கோப்பை வாங்கிக்கொடுத்த ஊர், எழுந்து நின்று கைதட்டுவார்கள், கேமரா முழுக்க அவர் மேல்தான் இருக்கும். நீங்கள் சாரைப் பாருங்கள். முதல் ஸ்கிரீன் வைத்துவிட்டு முன்னால் ஓடுகிறாரா, பின்னால் விலகுகிறாரா என்று.